கண்ணாடிப் பெட்டிக்குள் ஒட்டிய அறிவித்தல்

நான் வேலை பார்க்கும் பிரதேச செயலகத்தில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மாத்தளை மாவட்டத்தில் அது எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் பழியை அலுவலகத்தின் தலையில் போட்டுவிட்டு நான் நழுவிக்கொண்டதாகிவிடும். நடந்த தப்பு என்னுடையது. இத்தனை நாளாக அதை யாரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட.

என் பதவி அபிவிருத்தி உத்தியோகத்தர். மொழிபெயர்ப்பாளரின் கதிரை நான் வந்த நாளிலிருந்து காலியாகத்தான் கிடக்கிறது. அதன்மேல் பழைய கடிதக் கோவைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே தமிழில் எது வந்தாலும், தமிழில் எது போக வேண்டியிருந்தாலும், என் மேசைக்கு வரும். தோட்டத்து ஆள் ஒருவர் வாசலில் தலையை நீட்டினால் போதும், காவலாளி என்ன ஏது என்று கேட்காமலே என் பக்கம் கையைக் காட்டிவிடுவார். பிறப்புச் சான்றிதழ், மின்கம்பம், புருஷன் பெண்சாதி சண்டை எல்லாம் எனக்குத்தான். இதனால் என் சொந்த வேலை பிந்தினால் மட்டும் ஏன் பிந்தியது என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். ஆட்களிடம் காட்டமாட்டேன், காகிதத்திடம் காட்டுவேன். பிடிக்காத காகிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டுப் படாரென்று மூடிவிடுவேன்.

அந்த அறிவித்தலும் அப்படித்தான் லாச்சிக்குள் போனது.

இரத்தோட்டையில் இறங்கி இன்னொரு பஸ் ஏறிப் போகும் பாதை ஒன்றை அகலமாக்கப் போகிறார்கள் என்று வெகுநாளாகப் பேச்சு. அந்தப் பாதையில் ஒரு சந்தி, சந்தியைத் தாண்டியதும் ஒரு மோசமான வளைவு. வளைவை நிமிர்த்த வேண்டுமானால் ஏதாவது ஒரு பக்கம் உடைபட வேண்டும். கீழ்ப்பக்கம் கடைகள். மேல்பக்கம் தோட்டத்து மண்திட்டு. திட்டின் மேலே தொழிலாளர்களின் வரிசை வீடுகள், லயம், இருக்கிறது. திட்டிலிருந்து ஊறி வரும் தண்ணீர் ஒரு இரும்புக் குழாய் வழியே இரவும் பகலும் விழுந்துகொண்டிருக்கும். தோட்டத்தில் அதைப் பீலி என்போம். லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் குடிக்க, குளிக்க, துணி துவைக்க அந்தப் பீலிதான்.

எந்தப் பக்கத்தை உடைப்பது என்று முடிவெடுக்கும் முன் பொதுக்கூட்டம் வைக்க வேண்டும். கூட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு முன்பே சிங்களத்திலும் தமிழிலும் அறிவித்தல் எழுதி, பாதிக்கப்படும் ஆட்கள் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டியதைப் படம் எடுத்துக் கோவையில் வைக்க வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு வந்து சொல்லலாம். யாரும் சொல்லாவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொள்வார்கள். இவ்வளவும் மேலிடத்துக் கடிதத்தில் தெளிவாக இருந்தது.

பிரதேச செயலாளர் சிங்கள அறிவித்தலை என்னிடம் நீட்டி, இதைத் தமிழில் போட்டு தோட்டத்தில் ஒட்டிவிடுங்கள் என்று சொன்ன அன்று காலையில்தான் எல்லோர் முன்னாலும் எனக்கு ஏச்சு விழுந்திருந்தது. என் மாத அறிக்கை பிந்திவிட்டதாம். மூன்று தமிழ்க் கடிதங்களை உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததால்தான் பிந்தியது என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அறிவித்தலை வாங்கி முதல் வரியைப் பார்த்தேன். "வீதி அபிவிருத்தி" என்று இருந்தது. கிடக்கட்டும் என்று லாச்சிக்குள் போட்டேன். அடுத்த வரியை வாசித்திருந்தால் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும் கண்ணில் பட்டிருக்கும்.

அந்த லயத்தின் முதல் வீட்டில் இருப்பவர் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. நான் ஏழாம் வகுப்பிலிருந்து உயர்தரம் முடிக்கும் வரை அவர் வீட்டில் இருந்துதான் பள்ளிக்கூடம் போனேன். எங்கள் டிவிஷனிலிருந்து பள்ளிக்கூடம் தூரம், அவர் வீட்டிலிருந்து பக்கம். பீலியில் வரிசை சேருமுன் என்னை எழுப்பி, குளிக்க வைத்து, பிறகு தானும் குளித்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போவார். இப்போது வேலையிலிருந்து நின்றுவிட்டார். மகன் கொழும்பில். முழங்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. ஆனாலும் வாசலிலிருந்து பீலிக்குச் சில எட்டுத்தான், அதனால் யாரையும் அண்டாமல் தன் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சில எட்டுத்தான் அவருக்கு இருந்த வசதி.

பத்துப் பன்னிரண்டு நாள் ஓடிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பிரதேச செயலாளர் என் மேசையைக் கடந்து போகும்போது தமிழ் அறிவித்தல் ஒட்டியாகிவிட்டதா என்று கேட்டார். ஆமாம் சேர் என்றேன். சும்மா, ஒரு பேச்சுக்கு மனுசர் சொல்வார்களே, அப்படி வாயில் வந்தது. அவர் போனதும் லாச்சியைத் திறந்து முழுவதையும் வாசித்தேன். கூட்டம் வருகிற செவ்வாய்க்கிழமை. தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் பார்த்ததும் ஒரு வெள்ளைத் தாளை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மொழிபெயர்க்க அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. அடியில் தேதி போடும் இடம் வந்தது. அன்றைய தேதியைப் போட்டால் நான் பொய் சொன்னது எழுத்திலேயே இருக்கும். கூட்டத்துக்குச் சரியாக இரண்டு கிழமைக்கு முந்திய தேதியைப் போட்டேன். கை நடுங்கியது என்று எழுத ஆசைதான், ஆனால் நடுங்கவில்லை. இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு, கள வேலை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அப்போதுகூட ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எங்கள் ஆட்களுக்குச் செய்தி என்றால் வாயால் சொல்வதுதான். சாவு, கல்யாணம், திருவிழாக் கூட்டம், சிரமதானம் எதுவானாலும் ஒரு ஆள் லயத்து வாசல் வாசலாக நடந்து, ஒவ்வொரு வீட்டின் முன்னும் நின்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அந்த வீடு வராது, வரவில்லையே என்று யாரும் கேட்கவும் முடியாது. "சொல்லல, அதான் வரல" என்றால் அதற்கு மறுபேச்சுக் கிடையாது. என் அப்பா தன் சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை. கார்டு வந்தது, அச்சடித்த நல்ல கார்டு. யார் கையிலோ கொடுத்துவிட்டார்கள், வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. அப்பா அந்தக் கார்டைக் கூரைச் சட்டத்தில் செருகிவிட்டு அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டார். இதெல்லாம் தெரிந்து வளர்ந்தவள் நான். அலுவலகத்தில் வேறு எவர் அந்தத் தாளைக் கொண்டுபோயிருந்தாலும் தெரியாமல் செய்தது என்று விட்டுவிடலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

பஸ் வளைவில் திரும்பும்போது மேலே லயம் தெரிந்தது. சின்னம்மா வீட்டுக் கொடியில் இரண்டு துணி காய்ந்துகொண்டிருந்தது. அங்கே இறங்கி, ஏறிப்போய், "செவ்வாய்க்கெழம கூட்டம், எல்லாரும் வாங்க, பீலிய ஒடைக்கப் பாக்குறாங்க" என்று சொன்னால் போதும். சின்னம்மாவே நொண்டி நொண்டிப் போய் எல்லா வீட்டுக்கும் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் உடனே கேட்டிருப்பார், கூட்டத்துக்கு நாலு நாள்தானே இருக்கு, தாள் எப்போ வந்தது என்று. அவர் விடாக்கண்டன். மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிடுவார். என் வேலைக்கு வினை வரும். பஸ்ஸில் என் தலைக்குள் ஓடியது இதுதான், பீலி இல்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி, தோட்டத்து ஆபீஸ் வாசலில் போய் இறங்கினேன்.

ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்ட அறிவித்தல் பெட்டி ஒன்று உண்டு. பூட்டி, சாவியை உள்ளே கிளாக்கர் வைத்திருப்பார். பகல் பதினொரு மணி, சனம் எல்லாம் மலையில் வேலையில் நின்றது. கிளாக்கர் பெட்டியைத் திறந்துவிட்டு தாளைப் பார்த்தார்.

"மிஸ், இங்க ஒட்டினா யாரு பாக்கப் போறா? பீலிக்கிட்ட ஒண்ணு ஒட்டிருங்களேன். இல்லாட்டி கணக்கப்பிள்ளைகிட்ட குடுங்க, காலையில பெரட்டுல சொல்லிருவாரு."

பெரட்டு என்றால் விடிந்ததும் எல்லோரையும் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். அங்கே சொன்னால் அன்றைக்கே தோட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

"சட்டப்படி இதுதான் எடம்," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. கச்சேரிக்கு, அதுதான் மாவட்ட அலுவலகத்துக்கு, போன நாட்களில் எங்களை விரட்டிய உத்தியோகத்தர்களின் குரல் அது.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு ஒட்டினார், பெட்டியைப் பூட்டினார். நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். இரண்டாவது பிரதியை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்க பஸ்ஸுக்கு நின்றேன். திரும்பி வரும்போது லயத்துப் பக்கம் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குச் சந்தியிலிருந்து ஆட்கள் நேரத்துக்கே வந்துவிட்டார்கள். சிங்கள அறிவித்தலைக் கிராம சேவகர் உரிய நாளில் கடைகளுக்கு எதிரே ஒட்டியிருந்தார். பேக்கரி முதலாளி வந்தார், மருந்துக்கடைக்காரர் மனைவியோடு வந்தார், மிளகு வாங்கி விற்கும் ஹாஜியார் உறுதிப் பத்திரங்களை உறையில் போட்டுக்கொண்டு வந்தார். ஒருவரும் அநியாயம் பேசவில்லை. கடை போனால் பிழைப்புப் போகும் என்றார்கள், அது உண்மை. தோட்டத்துப் பக்கம் வெறும் மண்திட்டுத்தானே என்று பொறியியலாளர் வரைபடத்தில் விரலை வைத்தார். வரைபடத்தில் பீலி இல்லை.

ஹாஜியார்தான் திரும்பி என்னைப் பார்த்தார். "தோட்டத்து ஆக்கள் ஒருத்தரும் வரல்லயா, மகள்? அவங்களுக்குச் சொன்னதா?"

தன் கடைக்கு நல்லதாக முடியப்போகும் நேரத்தில் அந்த மனிதர் கேட்டார். நான், "அறிவிச்சாச்சு, ஹாஜியார்," என்றேன். பிரதேச செயலாளரும் அதையே கேட்டார். அறிவித்தல் ஒட்டியிருக்கிறது சேர், படம் கோவையில் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னேன். தோட்டத்துப் பக்கம் ஆட்சேபம் இல்லை, திட்டையே வெட்டலாம் என்று முடிவானது. அந்தக் குறிப்பை எழுதியதும் நான்தான்.

எல்லை முளை அடித்துச் சிவப்புப் பெயின்ட் பூசியதற்குப் பிறகுதான் லயத்துக்கு விஷயம் தெரிந்தது. சின்னம்மா எனக்குப் போன் எடுத்தார்.

"பாப்பா, பீலிக்கு மேல செவப்பா அடிச்சிட்டுப் போயிருக்கானுக. கூட்டம் வச்சு முடிவு பண்ணியாச்சாமே. எங்களுக்கு யாரும் சொல்லலியே?"

நான் ஏதோ இழுத்தேன். அவர் என்னைப் பேச விடவில்லை.

"ஒனக்கும் தெரியாம மறைச்சிருக்கானுக பாரு. தலைவரு வந்து ஒங்க புள்ள அந்த ஆபீஸ்லதானே இருக்கு, அதுக்குத் தெரியாதான்னு கேட்டாரு. எனக்கு வந்த கோவத்துக்கு நல்லா குடுத்தேன். எம்புள்ளைக்குத் தெரிஞ்சிருந்தா ஓடி வந்து சொல்லியிருக்கும்னேன்."

போனை வைத்துவிட்டு அலுவலகக் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அழுகை வரவில்லை. கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கக் கூசியது.

தலைவர் சும்மா விடவில்லை. அறிவித்தல் கொடுக்காமல் கூட்டம் வைத்தார்கள், மறுபடி வைக்க வேண்டும் என்று லயத்தார் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி மேலிடத்துக்கு அனுப்பினார். விசாரணைக்கு வெளியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், தமிழ் தெரியாது. தோட்டத்தின் சார்பில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் தலைவர். மற்றவர், பீலிக்குப் பக்கத்து வீட்டுக்காரி என்பதால், என் சின்னம்மா. மொழிபெயர்க்க யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

என்னைப் பார்த்ததும் சின்னம்மாவின் முகம் மலர்ந்தது. நம்ம புள்ள இருக்கு, இனி பயமில்லை என்பது போலச் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதிகாரி கோவையிலிருந்து படத்தை எடுத்தார். பெரிதாக, நிறத்தில் அச்சடித்திருந்தார்கள். இந்த அறிவித்தல் இரண்டு கிழமைக்கு முன்பே உங்கள் தோட்டத்தில் ஒட்டியிருந்தது, பார்க்கவில்லையா என்று கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். தலைவர், "பொய்ங்க, ரெண்டு கெழமைக்கு முந்தி அப்பிடி ஒண்ணுமே இல்ல. கிளாக்கர வேணா கூப்பிட்டுக் கேளுங்க," என்று சீறினார். சின்னம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

நான் அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருக்கிறேன், தாளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சின்னம்மா பார்த்துக்கொண்டிருந்த இடத்தை அப்போதுதான் நானும் பார்த்தேன். பெட்டியின் கண்ணாடியில், தாளுக்குப் பக்கத்தில், போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணின் பிம்பம் விழுந்திருந்தது. முகத்தைப் போன் மறைத்திருந்தது. சேலை தெளிவாக இருந்தது. கரும்பச்சை, மஞ்சள் கரை. போன தீபாவளிக்குச் சின்னம்மா மாத்தளைக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி எனக்கு எடுத்துக் கொடுத்த சேலை.

அவர் ஒரு தடவைதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு படத்தை மேசையில் வைத்தார்.

"ஒட்டியிருந்துச்சுங்க," என்றார். "நான் பாத்தேன். வந்து எல்லாருக்கும் சொல்லணும்னுதான் இருந்தேன். கால் வலியில மறந்துட்டேன்."

தலைவர் வாயைப் பிளந்தபடி அவரைப் பார்த்தார். "என்னக்கா சொல்றீங்க?"

"மறந்துட்டேன் தம்பி. என் தப்புதான்."

அதிகாரி பேனாவோடு என் பக்கம் திரும்பினார். என்ன சொல்கிறார் என்று கேட்டார். இந்த அம்மா பார்த்தாராம், மற்றவர்களுக்குச் சொல்ல மறந்துவிட்டாராம் என்று நான் சிங்களத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மொழிபெயர்ப்பை அவ்வளவு சுத்தமாக நான் என்றைக்கும் செய்ததில்லை. அவர் எழுதிக்கொண்டார், சின்னம்மா கையெழுத்துப் போட்டார், விசாரணை முடிந்தது.

வெளியே வந்தபோது தலைவர் சின்னம்மாவை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். நான் சின்னம்மாவின் கையைப் பிடித்துப் படியிறக்கினேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் என் முந்தானையை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார், அன்று உடுத்தியிருந்தது வேறு சேலை.

"அந்தப் பச்ச ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு," என்றார். அதற்கு மேல் அதைப்பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

திட்டை வெட்டினார்கள். பீலி கொஞ்ச நாள் கலங்கலாக வந்தது, பிறகு நூலாக வந்தது, பிறகு நின்றுவிட்டது. இப்போது லயத்தார் பள்ளத்திலிருக்கும் ஓடையில் போய் அள்ளுகிறார்கள். தோட்டம் குழாய் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வளைவு இல்லாத பாதையில் பஸ் நன்றாகத்தான் ஓடுகிறது. நானும் அதில்தான் போகிறேன்.

போன மாதம் போயிருந்தேன். சின்னம்மா வழக்கம்போல முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வீட்டில் ஒரே ஒரு சின்னக் கேன்தான் தண்ணீர் இருந்தது. அந்தக் கேனைத்தான் அவரால் தூக்க முடியும், அதற்கே ஏற்றத்தில் மூன்று இடத்தில் உட்கார்ந்து வர வேண்டும் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை என்னிடம் சொன்னது. இரண்டு மிடறு குடித்தேன். சின்னம்மா எதிரே உட்கார்ந்து கீரை ஆயத் தொடங்கினார்.

அப்போது லயத்தின் முனையில் சத்தம் கேட்டது. திருவிழாக் கூட்டத்துக்கு ஒருவர் வாசல் வாசலாகச் சொல்லிக்கொண்டு வந்தார். "ஞாயித்துக்கெழம காலையில கோயில்ல கூட்டம், வீட்டுக்கு ஒருத்தர் வந்துருங்க." கடைசி வீட்டிலிருந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார், நின்று சொன்னார். பக்கத்து வீட்டிலும் நின்று சொன்னார். எங்கள் இஸ்தோப்புத் திண்ணைக்கு முன்னால் வந்ததும் நிற்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு, செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும்படி கடந்து போய், மேல் லயத்துக்கு ஏறும் பாதையில் திரும்பிவிட்டார்.

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆய்ந்துகொண்டிருந்தார்.

"பக்கத்து வீட்டுல சொல்றது நமக்கும் கேக்குதுதானே," என்றார்.

அந்த ஆள் ஏற்றத்தில் இன்னும் பாதிதான் ஏறியிருந்தார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். சின்னம்மா மறக்கவில்லை, மறைத்தது நான் என்று கத்திச் சொல்லியிருந்தால் லயமே கேட்டிருக்கும். அவர் திருப்பத்தில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு செம்பில் மீதியிருந்த தண்ணீரைக் கொட்டாமல் கேனுக்குள் திரும்ப ஊற்றி வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிப் புறப்பட்டேன்.